பாட்டி ஊருக்கு ஆறு வாரக் கப்பல்

முதுகில் ஒரு பை, கையில் கொஞ்சம் காசு, திரும்பும் தேதி குறிக்காத பயணம். பேக்பேக்கர் என்றதும் மனதில் வந்து நிற்பது உறவை உதறிவிட்டுக் கிளம்பிய ஒருவரின் உருவம்தான். வீட்டுக்கு அடங்காதவர், கால்கட்டு இல்லாதவர், ஊர்சுற்றி. 1972இல் சுற்றுலாப் பயணிகளை வகைபிரித்த சமூகவியலாளர் எரிக் கோஹன், இத்தகையவர்களுக்கு 'அலைந்து திரிபவர்' என்று பொருள்படும் பெயரைச் சூட்டி, ஏற்பாட்டுச் சுற்றுலாவுக்கு நேரெதிர் முனையில் கொண்டுபோய் உட்காரவைத்தார். அந்த வகைபிரிப்பு இன்னும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. ஆனால் நீண்டகால வெளிநாட்டுப் பயணத்தை ஏறத்தாழ ஒரு பருவச் சடங்காகவே ஆக்கிக்கொண்ட ஒரு நாட்டின் வரலாற்றைப் புரட்டினால் அந்த உருவம் ஆட்டம் காண்கிறது. நியூசிலாந்தைத்தான் சொல்கிறேன், பக்கத்து வீடான ஆஸ்திரேலியாவையும் சேர்த்துக்கொள்ளலாம். அங்கே நெடும்பயணம் உறவை அறுத்துக்கொண்டு பிறக்கவில்லை. உறவைப் பார்க்கப் போன பயணமாகப் பிறந்து, உறவினர் முகவரிகளின் மேல் வளர்ந்து, ஒரு கட்டத்தில் பாட்டி எங்கே பிறந்தாள் என்று கேட்டுக் கதவு திறக்கும் சட்டமாகவும் ஆனது. சொந்தம் தேடிப் போனதுதான் முதல்; ஊர் சுற்றும் சுதந்திரம் அந்த முதலுக்குக் கிடைத்த வட்டி.

நியூசிலாந்துக்காரர்கள் இதை 'ஓ.இ.' என்பார்கள். 'வெளிநாட்டு அனுபவம்' என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. வேலைக்கு மனுப்போடும் காகிதத்தில் 'முன் அனுபவம்' என்று எழுதுவதைப் போன்ற பாசாங்கான கண்ணியம் ஒன்று அந்தப் பெயரில் இருக்கிறது, கிண்டலும் இருக்கிறது. கேலிச்சித்திரக்காரரும் பத்தி எழுத்தாளருமான டாம் ஸ்காட்தான் இதை உருவாக்கினார் என்று பொதுவாகச் சொல்வார்கள். பெயர் புதியது, வழக்கம் பழையது. பெயர் வருவதற்கு மிக முன்பே அங்கே இன்னொரு சொல் புழங்கிவந்தது: வீடு. ஆங்கிலத்தில் அதன் முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக எழுதினால் அது பிரிட்டனைக் குறித்தது. ஆக்லாந்திலோ டனீடனிலோ பிறந்து, கடலைத் தாண்டி ஒரு நாளும் போகாதவர்கள்கூட, 'வீட்டுக்குப் போகிறேன்' என்றால் பன்னிரண்டாயிரம் மைலுக்கு அப்பால் உள்ள தீவைத்தான் சொன்னார்கள். இதை வெறும் அடிமை மனோபாவம் என்று தள்ளுவது எளிது. அது கொஞ்சம் இருந்ததும் உண்மை. ஆனால் இடம்பெயர்ந்த எந்தச் சமூகமும் இப்படித்தான் பேசும். சென்னையில் பிறந்து வளர்ந்தவரும் தாத்தாவின் கிராமத்தை 'எங்க ஊர்' என்பார். அங்கே ஓர் இரவுகூடத் தங்கியிருக்க மாட்டார். அந்தச் சொல் குடியிருப்பைக் குறிக்கவில்லை, உரிமையைக் குறித்தது. நியூசிலாந்தர்கள் லண்டனைத் தங்கள் சொந்தத் தலைநகரைப் போலவே கையாண்டார்கள் என்று வரலாற்றாசிரியர் ஃபெலிசிட்டி பார்ன்ஸ் 2012இல் ஒரு முழு நூலே எழுதி வாதிட்டிருக்கிறார். தலைநகருக்குப் போகிறவர்கள் அந்நிய நாட்டுக்குப் போகிறவர்களைப் போலத் தயங்குவதில்லை. போய் இறங்கிய முதல் நாள் யார் வீட்டில் சாப்பிடுவது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இந்த வழக்கத்தின் முதல் பெருங்கூட்டம் யார் என்று கேட்டால் விடை சற்றே வலிக்கும்: முதல் உலகப் போரின் சிப்பாய்கள். ஏறத்தாழ பதினோரு லட்சம் பேர் மட்டுமே வாழ்ந்த நியூசிலாந்திலிருந்து சுமார் ஒரு லட்சம் பேர் கடல் கடந்தார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து போனவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். அன்றாடம் ஆறு ஷில்லிங் சம்பளம் என்பதால் ஆஸ்திரேலியப் படையினருக்கு 'ஆறு ஷில்லிங் சுற்றுலாக்காரர்கள்' என்ற பட்டப்பெயர் உண்டு. எகிப்தில் பிரமிடுகளின் அடியில் நின்று எடுத்துக்கொண்ட படங்கள் இன்றும் பல வீட்டு ஆல்பங்களில் இருக்கின்றன. பிரான்சின் பதுங்குகுழிகளிலிருந்து சில நாள் விடுமுறை கிடைத்தபோது ஆங்கிலேயச் சிப்பாய் தன் வீட்டுக்குப் போனான். இவர்களுக்குத் தொலைவு இடம்கொடுக்கவில்லை. பலர் லண்டனைச் சுற்றினார்கள். பலர் ஸ்காட்லாந்துக்கும் அயர்லாந்துக்கும் இங்கிலாந்தின் சிற்றூர்களுக்கும் ரயில் ஏறி, அம்மா கடிதத்தில் எழுதி அனுப்பிய முகவரியைத் தேடிப்போய், ஒரு தடவையும் பார்த்திராத அத்தையின், பெரியப்பாவின் கதவைத் தட்டினார்கள். குடும்பம் ஒரு தலைமுறையாகத் தபால் வழியாக மட்டுமே காப்பாற்றிவந்த ஓர் உறவுக்கு முதன்முறையாக முகம் கிடைத்தது. நெடும்பயணம், குறைந்த காசு, வேடிக்கை பார்த்தல், உறவைப் பார்த்தல் ஆகிய நான்கும் ஒரே பொட்டலமாகக் கட்டப்பட்டது இங்கேதான். போரை உல்லாசப் பயணமாக்கிப் பேசுவது தவறு என்று ஒருவர் சொல்லக்கூடும். போனவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை, ஆகவே அந்தக் கண்டிப்பு நியாயமே. ஆனால் அந்தப் பட்டப்பெயரைச் சூட்டிச் சிரித்தவர்கள் அந்த நாளைய மனிதர்களே. அவர்களது கசப்பான நகைச்சுவையை நாம் திருத்தி எழுத முடியாது.

இரண்டு போர்களுக்கு இடையிலும், அதற்கு முன்பும்கூட, சிப்பாய் வேஷம் போடாமல் போனவர்களில் பெண்கள் கணிசம். ஆஞ்சலா வூலகாட் 2001இல் வெளியிட்ட ஆய்வு, 1870 முதல் 1940 வரை லண்டனுக்குப் போன ஆஸ்திரேலியப் பெண்களைப் பல்லாயிரக்கணக்கில் எண்ணுகிறது. ராஸ் பெஸ்மனின் 1996ஆம் ஆண்டு நூலும் இதே தடத்தில் நடக்கிறது. ஒரு நடுத்தர வர்க்கப் பெண் தனியாக ஐந்தாறு வாரம் கப்பலில் போய், வேற்று நாட்டில் ஓரிரு ஆண்டு வேலை பார்த்துத் தங்கி, ஐரோப்பாவைச் சுற்றிவிட்டு வருவேன் என்றால் எந்த அப்பா ஒத்துக்கொள்வார்? அத்தை வீட்டுக்குப் போகிறாள் என்றால் ஒத்துக்கொள்வார். உறவு இங்கே அனுமதிச்சீட்டாக வேலை செய்தது. இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு: அத்தை வீடு வெறும் சாக்கு, போன வேகத்தில் ஒரு கோப்பைத் தேநீர் குடித்துவிட்டு, அவரவர் சோலியைப் பார்க்கப் போயிருப்பார்கள், ஆகவே உறவுக்கு இதில் என்ன பங்கு? சாக்கு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு சமூகம் எந்தச் சாக்கை ஏற்றுக்கொள்கிறது என்பதுதான் வரலாற்றாசிரியனுக்கு வேண்டிய சான்று. படிப்பு, இசை, நாடகம், மணவாழ்விலிருந்து தப்பித்தல் என்று உண்மைக் காரணம் எதுவாக இருந்தாலும், அதைச் சொல்லக்கூடிய மொழி உறவின் மொழியாக இருந்தது. நம் பக்கத்தில் யாத்திரை அந்த இடத்தில் இருந்ததல்லவா? காசிக்குப் போகிறேன் என்ற ஒரு வாக்கியம் எத்தனை கதவுகளைத் திறந்துவிட்டிருக்கிறது!

கப்பல்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயணத்தின் நீளத்தை முடிவுசெய்தது மனமல்ல, கடல். நியூசிலாந்திலிருந்து பனாமா கால்வாய் வழியாகவும், ஆஸ்திரேலியாவிலிருந்து சூயஸ் வழியாகவும் போகும் பாதைகள் வழக்கமாக இருந்தன. ஐந்து, ஆறு வாரம் பிடிக்கும். சூயஸ் பாதையில் கொழும்பு ஒரு முக்கியத் துறைமுகம். மெல்பர்னிலும் சிட்னியிலும் ஏறிய இளைஞர்கள் பலருக்கு முதல் அந்நிய மண் கொழும்புதான். ஒரு பகல் பொழுது இறங்கி, கால்ஃபேஸ் கடற்கரையில் நடந்து, கருங்காலி மர யானை வாங்கிக்கொண்டு மறுபடி கப்பல் ஏறிவிடுவார்கள். அவர்களுக்குக் கொழும்பு 'வெளிநாடு', பார்த்தறியாத லண்டன் 'வீடு'. இந்தத் தலைகீழ்க் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால்தான் மற்றதெல்லாம் புரியும். ஆறு வாரம் கடலில் போகிறவர் பத்து நாள் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டார். போக்குவரத்துச் செலவு ஒரு வருஷச் சேமிப்பை விழுங்கும்போது, அங்கேயே வேலை பார்த்துத்தான் திரும்பும் காசைச் சேர்க்க வேண்டும். ஓரிரு ஆண்டுத் தங்கல், இடையிடையே வேலை, இடைவெளியில் ஐரோப்பா என்ற ஓ.இ.யின் அமைப்பு யாரோ உட்கார்ந்து வகுத்த தத்துவமல்ல. கப்பல் கட்டணத்தின் விளைவு. 1967 முதல் 1975 வரை சூயஸ் மூடிக்கிடந்தது. அதற்குள் ஜம்போ விமானங்கள் வந்துவிட்டன, கப்பலின் காலம் முடிந்தது. ஒன்றரை நாளில் போய்ச் சேரலாம் என்றான பிறகும் தங்கும் காலம் ஓரிரு ஆண்டாகவே நிலைத்துவிட்டது. பழக்கம், அதைப் பெற்றெடுத்த காரணத்தைவிட நீண்ட ஆயுள் கொண்டது.

இனி லண்டன். 1950களிலும் 60களிலும் ஏர்ல்ஸ் கோர்ட் பகுதிக்கு 'கங்காருப் பள்ளத்தாக்கு' என்று பெயர் விழுந்தது. பழைய விக்டோரியா காலத்து வீடுகளை அறை அறையாகப் பிரித்து வாடகைக்கு விட்ட இடம். நான்கு பேருக்கான குடியிருப்பில் எட்டுப் பேர் படுத்துக்கிடந்தார்கள். நேற்று வந்திறங்கியவர், பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் படித்தவரின் தரையில் படுக்கை விரித்தார். முதல் வேலையை அவர் காட்டினார். ஐரோப்பாவைச் சுற்றப் பழைய வேனை அவரிடமிருந்தே வாங்கினார். ஸ்ட்ராண்டில் இருக்கும் ஆஸ்திரேலியா ஹவுஸைச் சுற்றியுள்ள தெருக்கள் அப்படிக் கைமாறும் கோம்பி வேன்களுக்குப் பேர்போனவையாக இருந்தன. ஊரிலிருந்து வரும் கடிதங்களைத் தூதரகக் கட்டடங்களின் முகவரிக்கு வரவழைத்துக்கொள்ள முடிந்தது. ஹேமார்க்கெட்டில் 1963இல் திறக்கப்பட்ட பதினெட்டு மாடி நியூசிலாந்து ஹவுஸில் கடிதம் வாங்கவும், வாரக்கணக்கில் பழசான ஊர்ப் பத்திரிகையைப் படிக்கவும் இளைஞர்கள் வந்து போனார்கள். நிலையான விலாசம் இல்லாதவனுக்கு அரசாங்கமே விலாசமாக நின்றது என்பது வேடிக்கையான விஷயம். ஒப்பிட்டால் இது நமக்குப் புதிதல்ல. மும்பை தாராவிக்கும் ரங்கூனுக்கும் கோலாலம்பூருக்கும் போன தமிழர்கள் ஊர்க்காரர் அறையில்தான் முதலில் பாய் விரித்தார்கள். வித்தியாசம் ஒன்று: அவர்கள் பிழைக்கப் போனார்கள், ஆகவே அதற்குப் பிழைப்பு என்று பெயர். இவர்கள் வேடிக்கை பார்க்கப் போனார்கள், ஆகவே அதற்கு அனுபவம் என்று பெயர்.

இந்த உலகத்தைப் பகடி செய்தவர் பாரி ஹம்ஃப்ரீஸ். 1964 முதல் பிரிட்டனின் நையாண்டிப் பத்திரிகை ஒன்றில் அவர் எழுதிய பாரி மெக்கென்ஸி என்னும் சித்திரத்தொடர், 1972இல் திரைப்படமானது. லண்டனுக்கு வந்து பீரில் மிதக்கும் முரட்டு ஆஸ்திரேலிய இளைஞன்தான் கதாநாயகன். நெடும்பயண இளைஞனுக்கு அதைவிடப் பொறுப்பற்ற உருவம் இலக்கியத்தில் கிடைப்பது கடினம். ஆனால் படத்தில் அவன் தனியாக வரவில்லை. அத்தை எட்னா எவரேஜ் கூடவே வருகிறார். பகடிக்காரனின் காது கூர்மையானது. உறவுக்காரி இல்லாமல் அந்தப் பயணத்தைக் கற்பனை செய்தால் அது நம்பும்படி இருக்காது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இரண்டாம் போருக்குப் பிறகு எதிர்த்திசையில் நடந்த ஒன்று இந்த உறவுப் பாலத்துக்குப் புதுப் பலகைகளைப் போட்டது. 1945இலிருந்து ஆஸ்திரேலியா பிரிட்டன்காரர்களைப் பத்துப் பவுன் கட்டணத்தில் குடியேற அழைத்தது. பிள்ளைகளுக்குக் கட்டணமே இல்லை. 1982இல் முடிவதற்குள் பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அப்படிப் போனார்கள். நியூசிலாந்தும் 1947 முதல் 1975 வரை இதேபோன்ற திட்டம் ஒன்றை நடத்தியது. இரண்டு ஆண்டுக்குள் திரும்பினால் பயணச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்பது ஆஸ்திரேலிய நிபந்தனை. அப்படியிருந்தும் ஏறத்தாழ நான்கில் ஒருவர் திரும்பிப் போனார். போனவர்களில் பலர் மனம் கேளாமல் மறுபடியும் ஆஸ்திரேலியாவுக்கே வந்தார்கள். அவர்களுக்கு 'பூமராங்' என்று கேலிப்பெயர். 1958இல் குவீன்ஸ்லாந்துக்குக் குடிபெயர்ந்து 1967இல் இங்கிலாந்துக்குத் திரும்பிய கிப் குடும்பத்தின் பையன்களை உலகம் பீ ஜீஸ் என்ற இசைக்குழுவாக அறியும். ஐந்து வயதில் மான்செஸ்டரை விட்டு வந்த ஒரு பெண் பிள்ளை இருபத்திரண்டு வயதில் முதுகுப்பையோடு கிளம்பினால், அவள் பார்க்கப்போவது அந்நிய நாட்டையா? அவளுக்கு அங்கே பாட்டி இருக்கிறாள், ஒன்றுவிட்ட அக்கா தங்கைகள் இருக்கிறார்கள், எதிர்வீட்டில் விளையாடிய தோழிகூட இருக்கக்கூடும். கடுதாசியிலும் கிறிஸ்துமஸ் அட்டையிலும் தொங்கிக்கொண்டிருந்த உறவை மறுபடி கையால் தொடுவதுதான் அவள் பயணம். நடுவே ஸ்பெயினும் கிரேக்கமும் வந்தன. பிறந்த மண் என்பதால் விசா பிரச்சினையும் இல்லை. ஓ.இ. உச்சத்தில் இருந்த எழுபது, எண்பதுகளில் வயதுக்கு வந்தவர்கள் இந்தத் தலைமுறைதான் என்பது தற்செயலல்ல. இத்தாலியரும் கிரேக்கரும் இதற்கு விலக்கல்ல. 1959இலிருந்து பிரேயஸ் துறைமுகத்துக்கும் சிட்னிக்கும் ஓடிய கிரேக்கக் கப்பலின் பெயரே 'பத்ரீஸ்'; தாய்நாடு என்று பொருள்.

என் வாதத்துக்கு எதிராக வலுவாக நிறுத்தக்கூடிய சான்று ஹிப்பித் தடம். லண்டனிலிருந்து இஸ்தான்புல், தெஹ்ரான், காபூல், லாகூர், டெல்லி, காத்மாண்டு என்று தரைவழியே போன அந்தப் பாதையில் எந்த அத்தை இருந்தாள்? இஸ்தான்புல்லில் 1957இல் சோல்பான் சகோதரர்கள் தொடங்கிய லாலே உணவகத்தில், 'புட்டிங் ஷாப்' என்றுதான் பயணிகள் சொன்னார்கள், ஓர் அறிவிப்புப் பலகை இருந்தது. வேனில் இடம் உண்டு, செலவைப் பகிர்ந்துகொள்ளலாம் என்பவையும், இன்னார் இன்னாருக்குச் சொல்லிக்கொள்வது என்பவையும் அதில் தொங்கின. உறவற்றவர்கள் ஒருவரையொருவர் கண்டுபிடித்த இடம் அது. இதை நான் ஒத்துக்கொள்கிறேன். மேற்கு ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் கிளம்பியவர்களுக்கு அந்தப் பாதை உண்மையாகவே உறவிலிருந்து விலகும் பாதையாக இருந்தது. ஆனால் தென்முனைக்காரர்களுக்கு அதன் பொருள் வேறு. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள்: லண்டனிலிருந்து கிழக்கே போகும் தரைவழி, ஆஸ்திரேலியருக்கு ஊர் திரும்பும் வழி. போகும்போது கப்பல், வரும்போது பஸ்ஸும் ரயிலும் என்பது பலர் போட்ட கணக்கு. 1957இலேயே லண்டனிலிருந்து கல்கத்தாவுக்கு 85 பவுன் கட்டணத்தில் ஒரு பஸ் கிளம்பிவிட்டது. 1972இல் டோனி, மௌரீன் வீலர் என்ற புதுமணத் தம்பதி 65 பவுனுக்கு ஒரு பழைய மினி வேன் வாங்கி லண்டனிலிருந்து புறப்பட்டார்கள். காபூலில் அதை விற்றார்கள். சிட்னியில் இறங்கியபோது கையில் 27 சென்ட் மிச்சம். அடுத்த ஆண்டு அவர்கள் அச்சிட்ட சிறு கையேடுதான் லோன்லி பிளானட்டின் தொடக்கம். அவர்கள் ஊர் திரும்பியவர்கள் அல்ல, இங்கிலாந்தும் பெல்ஃபாஸ்டும்தான் அவர்களுக்குப் பூர்வீகம். ஆனால் அவர்கள் எழுதியதை வாங்கிய முதல் வாசகர்கள் சிட்னியிலும் மெல்பர்னிலும் கிளம்பத் தயாராக நின்ற இளைஞர்கள். இந்தப் பாதையிலும் தபால் அறுந்துவிடவில்லை. பெருநகரத் தபால் நிலையங்களில் 'வந்து கேட்கும்வரை வைத்திருக்கவும்' என்ற பிரிவு இருந்தது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கிளைகளும் தங்கள் வாடிக்கையாளருக்கு வரும் கடிதங்களை வாங்கி வைத்தன. பயணத் திட்டத்தை நிர்ணயித்ததில் கோயில்களுக்கும் மலைகளுக்கும் எவ்வளவு பங்கோ, அம்மாவின் கடிதம் எந்த ஊரில் காத்திருக்கிறது என்பதற்கும் அவ்வளவு பங்கு உண்டு. 1979இல் ஈரானியப் புரட்சியும், ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்ததும் அந்தப் பாதையை மூடின. ஹிப்பித் தடம் செத்தது, ஓ.இ. சாகவில்லை. உறவை உதறுவதுதான் பயணத்தின் உயிர் என்றால் முதலில் செத்திருக்க வேண்டியது ஓ.இ. அல்லவா?

உறவின் ஆட்சி எங்கே வெளிப்படையாகத் தெரிகிறதென்றால், சட்டத்தில். இங்கே கதையின் இனிப்பு குறைந்துவிடும். 1962வரை காமன்வெல்த் குடிமக்கள் எவரும் பிரிட்டனுக்குள் நுழையலாம். அந்த ஆண்டுச் சட்டம் கதவைப் பாதி சாத்தியது. 1968இல் கென்யாவிலிருந்து வந்த இந்தியர்களைக் குறிவைத்து இன்னும் கொஞ்சம் சாத்தினார்கள். 1971ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம், தாயோ தந்தையோ பிரிட்டனில் பிறந்திருந்தால் காமன்வெல்த் குடிமகனுக்கு அங்கே வாழும் உரிமை உண்டு என்றது. அச்சட்டத்தை ஒட்டிய விதிகள் 1972 நவம்பரில் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது பிரதமர் ஹீத்தின் அரசு வாக்கெடுப்பில் தோற்றுப்போனது. ஐரோப்பியச் சமூகத்தில் சேரப்போகிறோம், பிரெஞ்சுக்காரருக்கும் ஜெர்மானியருக்கும் கதவைத் திறந்துவிட்டு, போரில் கூட நின்ற ஆஸ்திரேலியருக்கும் நியூசிலாந்தருக்கும் சாத்துவதா என்று ஆளுங்கட்சியினரே கொதித்தார்கள். சமரசமாக வந்ததுதான் பாட்டி: தாத்தா பாட்டி நால்வரில் ஒருவர் பிரிட்டனில் பிறந்திருந்தால் வேலை பார்க்க வரலாம். 1973 ஜனவரி 1 அன்று பிரிட்டன் ஐரோப்பாவுக்குள் போன அதே நாளில் 1971ஆம் ஆண்டுச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து ஓ.இ. கிளம்பும் பிள்ளைகள் செய்த முதல் வேலை, பாட்டியின் பிறப்புச் சான்றிதழைத் தேடிப்பிடிப்பது. குடும்ப வரலாறு ஆராய்ச்சியாளரின் வேலையாக இல்லாமல் இருபது வயதுக்காரரின் வேலையானது இப்படித்தான். பூர்வீக விசா என்ற பெயரில் அந்த ஏற்பாடு இன்றும் உண்டு, ஐந்தாண்டு தருகிறார்கள்.

உறவைக் கதவாக்கினால், உறவில்லாதவருக்கு அது சுவர். கொழும்பிலும் சென்னையிலும் கிங்ஸ்டனிலும் இருந்த காமன்வெல்த் குடிமகனுக்கு அதே ராணி, அதே பள்ளிக்கூட ஆங்கிலம், அதே போர் நினைவு எல்லாம் இருந்தன. பாட்டி மட்டும் இல்லை. சட்டத்தில் நிறம் என்ற சொல் கிடையாது, பாட்டி என்ற சொல்லே அந்த வேலையைச் செய்தது. உழைத்துச் சுற்றும் இளைஞர்களுக்கான தனி விடுமுறை விசா காகிதத்தில் காமன்வெல்த் முழுவதற்கும் பொது. நடைமுறையில் அதை அனுபவித்தவர்களில் பெரும்பாலோர் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, கனடா நாட்டினர். அது 2008இல் முடிந்து, வந்த புதிய திட்டத்தில் தொடக்கத்தில் இடம்பெற்ற நாடுகள் நான்கே: ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா, ஜப்பான். இந்தியப் பட்டதாரிகளுக்கு 2023இல் ஒரு வழி திறந்தது. ஆண்டுக்கு 3,000 பேர், குலுக்கல் முறையில். ஒருவருக்குப் பாட்டி, இன்னொருவருக்குச் சீட்டு. பேக்பேக்கரைக் கட்டற்ற மனிதர் என்று பாடுகிறவர்கள், அந்தக் கட்டற்ற தன்மைக்கு எந்தக் கட்டு அடமானமாக வைக்கப்பட்டது என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. என் வாதம் உறவைப் புகழ்வதற்காக அல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உறவு இந்தப் பயணத்தின் முதலீடு. முதலீடு எல்லாருக்கும் சமமாகக் கிடைப்பதில்லை.

பிரிட்டனில் பாட்டி இல்லாத நியூசிலாந்தரும் உண்டு: பூர்வகுடிகளான மவோரி மக்கள். கலப்பு மணங்களால் பலருக்கு ஆங்கிலேய வேரும் இருந்தது, ஆனால் எல்லாருக்கும் அல்ல. அவர்களுக்கு லண்டன் 'வீடு' அல்ல. வீட்டைப் பறித்தவர்களின் ஊர். ஆனாலும் ஐம்பதுகளிலிருந்து போனார்கள், ஒருவரையொருவர் தேடிப்பிடித்தார்கள், ஐம்பதுகளின் இறுதியில் ஒரு சங்கம் உருவானது. அதன் பெயர் ங்காட்டி ரானானா. 'ங்காட்டி' என்பது மவோரிக் குலங்களின் பெயருக்கு முன்னால் வரும் சொல், இன்னார் வழிவந்தவர்கள் என்ற பொருளில். 'ரானானா' என்பது லண்டன் என்ற பெயரின் மவோரி உச்சரிப்பு. ஆக, லண்டன் குலத்தார். மூதாதை இல்லாத ஊரில் ஊரையே மூதாதை ஆக்கிக்கொண்டார்கள். பாட்டும் நடனமும் பழக அவர்கள் கூடிய இடம் நியூசிலாந்து ஹவுஸ். இங்கே ஒரு பெரிய மாற்றத்தின் வடிவம் தெரிகிறது. எண்பதுகளுக்குப் பிறகு, பிரிட்டனில் இருந்த நேரடி உறவினர்கள் வயதாகி மறைய மறைய, அத்தையின் இடத்தைப் பழைய நண்பர்கள் பிடித்துக்கொண்டார்கள். பள்ளித் தோழர், பல்கலைக்கழக விடுதித் தோழர், கிரிக்கெட் கிளப்பில் கூட ஆடியவர். பாட்டியின் கிராமத்துக்குப் போய்க் கல்லறையைப் பார்ப்பது ஒரு நாள் வேலை. தோழர்களோடு ஒரே வீட்டில் இரண்டு வருஷம். உறவு தேய்ந்துவிட்டது என்று இதை வாசிப்பவர்கள் உண்டு. நான் அப்படி வாசிக்கவில்லை. உறவு செய்த வேலைகளான தரை, வேலை, துணை, எச்சரிக்கை, ஊர்ச் செய்தி அத்தனையும் அப்படியே இருந்தன, செய்தவர்கள்தான் மாறினார்கள். பெற்றோரே விமானம் ஏறிவந்து பிள்ளையின் குடித்தனத்தை லண்டனில் பார்த்துவிட்டுப் போவதும் இப்போது சாதாரணம். 'வீடு' என்ற சொல்லும் இதற்கிடையில் ஓசையில்லாமல் திசை மாறிவிட்டது. இன்றைய நியூசிலாந்து இளைஞர் வீட்டுக்குப் போகிறேன் என்றால் ஆக்லாந்தைத்தான் சொல்கிறார்.

அந்த வீட்டின் கதவு ஒரு தடவை சாத்தப்பட்டது. 2020 மார்ச்சில் கோவிட் பரவியபோது நியூசிலாந்து எல்லையை மூடியது. சொந்தக் குடிமக்கள் வரலாம், ஆனால் அரசு நடத்தும் தனிமைப்படுத்தல் விடுதியில் அறை முன்பதிவு செய்திருக்க வேண்டும். அறைகள் போதவில்லை. 2021 செப்டம்பரில் குலுக்கல் முறை வந்தபோது, முதல் சுற்றில் சுமார் 3,000 அறைகளுக்கு 30,000க்கும் மேற்பட்டவர்கள் வரிசையில் நின்றார்கள். பிரிட்டனில் இருந்த ஓ.இ. தலைமுறையும் அதில் இருந்தது. எத்தனை காலம் சுற்றினாலும் நினைத்த அன்று திரும்பலாம் என்ற, யாரும் வாய்விட்டுச் சொல்லாத உறுதிமொழியின் மேல்தான் நூறாண்டு வழக்கம் நின்றிருந்தது. அது இல்லாதபோதுதான் அதன் எடை தெரிந்தது. அம்மாவின் சாவுக்கும் தங்கையின் கல்யாணத்துக்கும் போக முடியவில்லை என்ற புகார்கள் அரசியல் விவாதமாயின. நோயைத் தடுத்து ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்ததும் அதே கொள்கைதான், ஊரில் இருந்தவர்களில் பலர் அதை ஆதரித்தார்கள். வெளியே சுற்றப் போனது அவர்கள் இஷ்டம்தானே என்ற குரலும் எழுந்தது. வெளியே சிக்கியவர்கள் 'கிரவுண்டட் கிவிஸ்' என்ற பெயரில் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2022 ஏப்ரல் 27 அன்று உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: தனிமைப்படுத்தல் ஏற்பாடு தேவையானதே, ஆனால் அறைகளை ஒதுக்கிய குலுக்கல் முறை அவரவர் தேவையைப் போதுமான அளவு கருதவில்லை, அந்த அளவில் சிலருக்கேனும் குடிமகன் தன் நாட்டுக்குள் நுழையும் உரிமை மீறப்பட்டது. தீர்ப்பு வருவதற்கு முந்தைய மாதமே குடிமக்களுக்கு எல்லை திறந்துவிட்டிருந்தது. அடுத்த ஆண்டு நியூசிலாந்தருக்கான பிரிட்டனின் இளைஞர் விசா வயது வரம்பு 35ஆக உயர்ந்தது, தங்கும் காலம் மூன்று ஆண்டாக நீண்டது.